இட்லி அவிக்காத ஞாயிறும் கோவில்பட்டி ஹாக்கி அணியும்

நாலாங்கிளாஸ் தாண்டாத நான் காளிகாட்டில் ஒற்றை அடுப்போடு இறங்கினேன். இன்று மூன்று ஓட்டல், டாலிகஞ்சில் மாடி வீடு. மீன் இல்லாமல் சோறு இறங்காத தெருவுக்கே சாம்பார் பழக்கினேன். என் சொல்லுக்கு அடங்காத ஒரே ஆள் இந்தக் கல்கத்தாவில் பச்சை அட்டை அண்ணாச்சிதான்.

கோவில்பட்டிக்காரர். கடைகளுக்குக் கடலைமிட்டாய் போடுபவர். ஹாக்கி நடுவர் எச்சரிக்கைக்குக் காட்டும் பச்சை அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். சாம்பார் ஆறியிருந்தால் சர்வருக்கு அட்டை. ஒருநாள் என்னையே கல்லாவிலிருந்து எழுப்பி, விதிப்படி இரண்டு நிமிடம் வாசலில் நிறுத்தினார். நின்றேன்!

அவருக்கு ஒரே ஆசை: சம்பளம் வாங்கி ஆடும் ஹாக்கி அணி ஒன்று கோவில்பட்டிக்கு வேண்டும். சால்ட் லேக்கில் கம்பெனி வைத்திருக்கும் தமிழ்த் தம்பி ஒருவர் ஹாக்கி லீக்கில் அணி வாங்கப் போகிறார், அதற்கு ஊர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும், என் ஓட்டலுக்கே இழுத்து வந்துவிட்டார்.

"சின்ன ஊர்ல முதல் வருஷம் கூட்டம் வரும் அங்கிள். டீம் தோத்துக்கிட்டே இருந்தா?"

"தோத்தாலும் வருவாவ தம்பி. ஞாயித்துக்கெழம இங்க மைதானத்துல ஆடுற எங்க தமிழ்க் கடைக்காரங்க டீம வந்து பாரும்."

அந்த டீம் ஜெயித்ததே கிடையாது. அன்றும் ஒன்பது கோல் வாங்கியது. கூட்டம் அசையவில்லை. தம்பி அசந்துபோனார். அப்புறம்தான் நான் வாராவாரம் இலவசமாகக் கொடுக்கும் இட்லி அண்டா அவர் கண்ணில் பட்டது.

"கூட்டம் ஹாக்கிக்கா, இட்லிக்கா? அடுத்த வாரம் இட்லி வேண்டாம். அப்பவும் வந்தா கோவில்பட்டிதான்."

"என் இட்லி இல்லேன்னா காக்கா கூட வராது அண்ணாச்சி" என்றேன்.

"வாயக் கழுவும் வே!"

வாரம் முழுக்கத் தூக்கமில்லை. ஆள் வராவிட்டால் என் இட்லி ஜெயிக்கும், அண்ணாச்சி தோற்பார். ஞாயிறன்று அடுப்பே மூட்டாமல் வெறுங்கையோடு போனேன்.

வழக்கத்தைவிடக் கூட்டம்! மீன்கடை வங்காளி அண்ணன் வீட்டிலிருந்து லூச்சிப் பூரி கட்டி வந்து, "அண்ணா, இன்னிக்கு எத்தனை கோல் வாங்குவீங்க?" என்று எனக்கும் இரண்டு நீட்டினார். பதினோரு கோல் வாங்கினோம். ஒருவரும் எழுந்து போகவில்லை.

"கோவில்பட்டிதான் அங்கிள்" என்றார் தம்பி.

அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். "பாத்தீரா வே! ஒம்ம இட்லிக்கு ஒருத்தனும் வரல!"

திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். கோவில்பட்டி மைதானத்தில் கல்வெட்டு வைத்தால் அண்ணாச்சி பெயர் முதலில் வரட்டும். கீழேயே என் பெயரும் வந்தாக வேண்டும்: "அந்த ஞாயிறு இட்லி அவிக்காமல் இருந்தவர்."