இன்னும் ஒரு கடை

வெளியூரிலிருந்து பாங்காக்குக்கு வரும் விருந்தாளிகளில் ஒரு தனி இனம் உண்டு. அவர்கள் புத்தர் கோயிலுக்குப் போவதில்லை, ஆற்றில் படகேறுவதில்லை. இந்த நகரமே அவர்களுக்கு ஒரே ஒரு கட்டடம்தான்: அடுக்கடுக்காய் நகரும் படிகள், மாடிக்கு மாடி கண்ணாடி அலமாரிகள், அலமாரிக்குள் காமிரா, கைப்பேசி, ஸ்பீக்கர், எதில் செருகுவதென்றே தெரியாத ஒயர்கள். இவர்களை நான் 'இன்னும் ஒரு கடை' ஆசாமிகள் என்று அழைக்கிறேன். வாங்குவது இவர்கள் நோக்கம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வாங்கிவிட்டால் ஆட்டம் முடிந்துபோகாதா?

எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் தவாட். என் மனைவி விலாயின் அண்ணன், உடோன் தானியில் நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஊரிலிருந்து பஸ் ஏறி, வாழையிலையில் மடித்த ஒட்டுச்சோறும் சுட்ட கோழியுமாக வந்து இறங்குவார். தங்கையை நலம் விசாரிப்பார். பதில் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, "சும்மா ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடறேன்" என்பார்.

அந்த ரவுண்டை நான் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். கீழ்த்தளத்தின் முதல் கடையில் ஆரம்பித்து, பெட்டியை வாங்கி, எடை பார்த்து, காதருகே வைத்து மெல்லக் குலுக்கி, முத்திரை ஒட்டிய இடத்தை நகத்தால் தடவி, ஊரில் வீடியோக்களில் கற்றதையெல்லாம் கடைக்காரருக்குத் திருப்பிப் பாடம் எடுத்து, விலை கேட்டு, நெஞ்சில் கத்தி பட்டவர்போல் கண்ணை மூடி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மிக மிக மெதுவாக நடப்பார். பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், குறைத்துக் கொடுக்கிறவன் ஏமாற்றுக்காரன். கூப்பிடாவிட்டால், திமிர் பிடித்தவன். ஆக, இரண்டு பேரிடமும் வாங்க முடியாது. இன்னும் ஒரு கடை.

போன வருஷம் இதில் ஒரு கல்யாணம் மாட்டிக்கொண்டது.

தவாட்டின் தம்பி மகள் நருமோனுக்கு இங்கே பாங்காக்கில் கல்யாணம். தம்பி இப்போது உயிரோடில்லை. மணமக்கள் கைகளில் சங்கால் நீர் வார்த்து முதலில் வாழ்த்த வேண்டியவர் பெரியப்பாதான். அதைப் படம் பிடிக்க நல்ல காமிரா ஒன்றைத் தானே வாங்கிப் பரிசாகக் கொடுப்பதாகச் சொல்லி, நாலு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். நாலு நாளும் ரவுண்டு. கல்யாணத்தன்று காலை துறவிகளுக்கு உணவு படைத்து முடிந்தது. நீர் வார்க்கும் நல்ல நேரத்துக்குக் கொஞ்சம் இடைவெளி இருந்தது. திரும்பிப் பார்த்தால் பெரியப்பாவைக் காணோம்.

"போய் இழுத்துட்டு வாங்க" என்றாள் விலாய். எங்கே என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பட்டுச் சட்டையும் புதுச் செருப்புமாக அவர் கிப் என்ற பெண்ணின் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

"கடைசியா என்னம்மா சொல்றே?"

"நீங்க திங்கக்கிழமை கேட்டப்பவே கடைசியாத்தாண்ணே சொன்னேன்."

"மேல் மாடியில இதைவிடக் குறைச்சு சொல்றான்."

"மேல் மாடியில சாப்பாட்டுக் கடைதாண்ணே இருக்கு."

நான் அவர் தோளைத் தொட்டேன். "மச்சான், பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வைக்கப் போறாங்க. கிளம்புங்க."

"முடிஞ்சிடுச்சுப்பா. இந்தப் பொண்ணு ஒரு பை மட்டும் சும்மா தந்துட்டா போயிடலாம்."

"பைய நான் வாங்கித் தரேன்."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காசு குடுத்து வாங்கினா அது ஒரு பையா?"

கிப் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னாள்: "அண்ணே, இது ஜப்பான்ல விக்கிறதுக்குன்னு செஞ்சது. அதான் இந்த விலை. உள்ள எழுத்தெல்லாம் ஜப்பான் மொழிதான்."

"படத்துக்கு ஏதும்மா மொழி?" என்றார் இவர்.

"யாருக்குண்ணே கல்யாணம்?"

"என் தம்பி பொண்ணுக்கு. அவன் இல்ல. அவன் இடத்துல நாந்தான் நிக்கணும்."

அவள் பணத்தை எண்ணி வாங்கி, ஒரு பையை எடுத்து, காமிராவை அதில் போட்டு, அவர் கையில் திணித்தாள். "அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க? ஓடுங்கண்ணே."

வென்றுவிட்டார் அல்லவா? டாக்ஸியில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிக்னலில் நின்றபோது தாழ்ந்த குரலில் கேட்டார்: "இவ்வளவு சுலபமா குடுத்துட்டாளே. இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா விலையிலயும் குறைச்சிருப்பாளோ?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணமக்கள் தலையில் வெள்ளை நூல் வளையம் சூட்டி, இரண்டையும் ஒரே நூலால் இணைத்திருந்தார்கள். குவித்த கைகளுக்குக் கீழே பூப் போட்ட கிண்ணங்கள். சங்கில் நீர் நிரம்பியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வரிசையில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா நேராகப் போய் மணமகள் எதிரே நின்று காமிராவை உயர்த்தினார். திரையில் ஜப்பானிய எழுத்து வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினார். இன்னும் அதிகமான ஜப்பானிய எழுத்து வந்தது.

"கைய அப்படியே வச்சுக்கம்மா. ஒரு நிமிஷம்."

நருமோனுக்குக் கால் மரத்திருக்க வேண்டும். நூல் அறுந்துவிடக் கூடாதென்று தலையை அசைக்காமல், ஒரு கையை மட்டும் நீட்டினாள்.

"பெரியப்பா, அத இங்க குடுங்க."

கொடுத்தார். அவள் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கைகுவித்தாள். "அப்பாவுக்கும் சேத்து நீங்கதான் ஊத்தணும். படம் எடுக்க நூறு பேர் இருக்காங்க."

அத்தனை கடைக்காரர்களையும் பேசியே அசர வைத்த மனிதர் சங்கை எடுத்து ஊற்றினார். பாதி நீர் மாப்பிள்ளையின் சட்டைக் கையில் போயிற்று. "நல்லா இரும்மா" என்றார். நல்ல நேரம் முடியச் சற்றே மீதி இருந்தது. விலாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

ஆள் திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

விருந்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கழுத்தில் அதே மாதிரி இன்னொரு காமிரா தொங்கியது. என் மச்சான் தட்டில் மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். "சும்மா கேக்கறேன், எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்பது என் காதில் விழுந்தது. பதில் விழவில்லை. ஆனால் திரும்பி வந்தவர் மீனைத் தொடவில்லை, நடனத்தைப் பார்க்கவில்லை, இரவு முழுவதும் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் காலை செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது.

"பரிசுதான் குடுத்தாச்சே அண்ணே, இனி எங்க?" என்றாள் விலாய்.

"வாங்கறதுக்கில்லம்மா. தெரிஞ்சுக்கறதுக்கு."

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: இவ்வளவு சொன்ன நான் அந்தக் காமிராவின் விலையை எங்குமே சொல்லவில்லை. அது உங்களுக்கு இதுவரை உறைக்கவே இல்லையென்றால் நீங்கள் பிழைத்தீர்கள். கிப்பின் கடையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது என்றால், உங்கள் வீட்டுக் கல்யாணத்தன்று காலையில் உங்கள் செருப்பை யாராவது ஒளித்து வைப்பது நல்லது.