துப்பறியும் தணிகாசலத்துக்கு நான் போட்ட மொட்டை

குரல் நன்றாக வாய்த்தவனுக்கு அறிவு சற்றுக் குறைவாகவே வாய்க்கும் என்பது என் கட்சி. அடுத்தவர்களைச் சொல்லவில்லை. என்னை வைத்தே சொல்கிறேன். விவரம் தெரிந்த பிறகு நான் ஒரே ஒரு மனிதருக்குத்தான் கருமாதி செய்து மொட்டை போட்டிருக்கிறேன். அந்த மனிதர் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். மலாயாவில் பெடாஸ் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் நான் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். பாலை வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளிக்கிழங்கு நட்டோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, சாயங்காலம் என்ன சமையல் என்று கேட்பவனை அடிக்கலாம்போல் இருக்கும். கப்பல் வராததால் அரிசி இல்லை, துணி இல்லை, சோப்பு இல்லை. இதெல்லாம் எங்கள் தோட்டத்துக்குப் பெரிய கவலை இல்லை. 'மஞ்சள் குடை மர்மம்' இரண்டாம் பாகம் வரவில்லை என்பதுதான் பெரிய கவலை.

அது ஒரு துப்பறியும் நாவல். எங்கள் மாரியம்மன் கோயில் முன்னால் ஆடி மாதம் புராணக் கதை வாசிப்பது வழக்கம். வாசிப்பவன் பாயில் உட்காருவான், பக்கத்தில் குத்துவிளக்கு எரியும். கதையில் கல்யாணம் வந்தால் கேட்பவர்கள் தேங்காய் உடைப்பார்கள். சாவு வந்தால் எழுந்து போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். ஆறாம் வகுப்பு வரை படித்தவன், குரல் உள்ளவன் என்று அந்தப் பாயில் என்னை உட்கார வைத்தார்கள். சண்டை வருவதற்கு முந்தின வருஷம் புராணம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பாய் சும்மாதானே கிடக்கிறது என்று நாவலை எடுத்தேன். பாய் அதே பாய், விளக்கு அதே விளக்கு. அதனால் சனங்கள் பழைய வழக்கத்தையும் விடவில்லை. துப்பறியும் தணிகாசலம் திருட்டுப்போன வைரத்தைக் கண்டுபிடித்த அன்றைக்கு ஏழு தேங்காய் உடைந்தது.

தணிகாசலத்தின்மேல் எல்லோரையும்விடப் பைத்தியமாக இருந்தவர் மாரிமுத்துக் கங்காணி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அவர் இருமினாலே நாங்கள் நிமிர்ந்து நிற்போம். அப்பேர்ப்பட்டவர் நாவல் கேட்கும்போது வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சபையிலேயே அறிவித்தார்.

"இம்புட்டு மூளை வெளியாளுக்கு வராதுடா. தணிகாசலம் நம்ம வகையறா. எங்க குலசாமி பேரே தணிகாசலம்தான். அவரு எனக்குப் பங்காளி முறை."

யாரும் மறுத்துப் பேசவில்லை (கங்காணியை மறுத்துப் பேசினால் மறுநாள் மலையுச்சியில்தான் வேலை கிடைக்கும்).

முதல் பாகம் முடிந்த இடம்தான் எங்களைக் கொன்றது. எரிகிற கிடங்குக்குள் தணிகாசலம் ஒரு கதவைத் திறக்கிறார். எதிரே நின்றவனைப் பார்த்து "நீயா!" என்று அலறுகிறார். முற்றும். அப்புறம் சண்டை வந்துவிட்டது. 'நீயா' என்றது யாரை என்று இரண்டு வருஷம் தோட்டமே வாதாடியது. அதில் இரண்டு குடும்பங்களுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இந்த நிலைமையில்தான் கங்காணி மகள் பாக்கியத்தை எனக்குப் பேசி முடித்தார்கள். பேசி முடித்தது சந்தோஷத்தால் அல்ல, பயத்தால். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க லாரி வருகிறது, கல்யாணமாகாத பையன்களை முதலில் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த வாரம் முறை. வெள்ளிக்கிழமை தாலி கட்டிவிட்டால் நான் தப்பித்துவிடலாம் என்பது எல்லோருடைய கணக்கு. எனக்குத் தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது அக்காதான். அவள் மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே நடமாடினாள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு சேதி வந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிராணியாரிடம், அவர் அங்கே கணக்கு எழுதுகிற யாழ்ப்பாணத்துக்காரர், இரண்டாம் பாகம் இருக்கிறதாம். கல்யாண விருந்துக்கென்று அக்கா வளர்த்த சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். கிராணியார் சேவலை வாங்கிக்கொண்டார். புத்தகத்தை மட்டும் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

"தம்பி, இது முதல் பாகம் மாதிரி இல்லை. வாசிச்சுப்போட்டு என்னை ஏசக் கூடாது. சேவலைத் திருப்பித் தரவும் ஏலாது."

புத்தி உள்ளவன் வீட்டுக்குப் போய் முதலில் தான் ஒருமுறை படித்துப் பார்த்திருப்பான். நான் நேரே கோயிலுக்குப் போய்ப் பாயை விரித்தேன். மாமனார் முன்னால் என் குரலைக் காட்ட வேண்டும், பெண்கள் பக்கம் பாக்கியமும் இருப்பாள். கிழங்குக் காட்டிலிருந்து தோட்டமே ஓடி வந்தது. கொட்டாங்கச்சியில் எண்ணெய் ஊற்றி விளக்குக்கூட ஏற்றினார்கள், பட்டப்பகலில். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை வாசித்தேன்.

'துப்பறியும் தணிகாசலம் சென்ற வாரம் ஜலதோஷத்தால் காலமானார்.'

அவ்வளவுதான். கிடங்கும் இல்லை, கதவும் இல்லை. மூன்று முறை கத்திக்குத்து வாங்கியும் எழுந்து நடந்த மனிதர் ஜலதோஷத்தில் போய்விட்டார். அடுத்த வரியில் அவருடைய அண்ணன் மகன் ஒருவன் வந்து தொழிலை எடுத்துக்கொண்டான். அவனுக்கு நாயைக் கண்டால் பயம்.

அந்த இடத்தில் நான் இருமிவிட்டு நிறுத்தியிருக்கலாம். புத்தகம் தவறு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சபை உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு நல்ல அமைதி எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. அதை வீணாக்க மனசு வராமல், அதே வரியை மறுபடி எடுத்து ஒப்பாரி ராகத்தில் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன், அதில் சந்தேகமில்லை. பெண்கள் தலைமயிரை அவிழ்த்துவிட்டு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து தலைமுழுக ஆற்றுப் பக்கம் போனார்கள். கங்காணி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எப்படிடா செத்தாரு?" என்றார்.

"ஜலதோஷம், மாமா."

"'நீயா'ன்னாரே, அது யாரு?"

"இன்னும் போடலை, மாமா."

"என்ன புஸ்தகம்லா இது!" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். "பங்காளி செத்துட்டாரு. பதினாறு நாள் தீட்டு. வெள்ளிக்கிழமை கல்யாணம் கிடையாது."

பதினாறு நாளைக்குள் லாரி இரண்டு தடவை வந்துபோய்விடும். அக்கா கங்காணி காலிலேயே விழுந்தாள். தணிகாசலம் நிஜத்தில் இல்லாத ஆள், அச்சடித்த ஆள் என்று நானும் கெஞ்சினேன். கங்காணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாதா? ஊரு முன்னால பங்காளின்னு சொல்லிப்புட்டேன்டா. தேங்கா ஒடைக்கயில பங்காளி, செத்தா யாரோவா? நாளைக்கி எவன் என்னை மதிப்பான்?"

மறுநாள் கங்காணி வீட்டு வாசலில் பஞ்சாயத்துக் கூடியது. பூசாரி ஒரு வழி சொன்னார். அவசரம் என்றால் மூன்றாம் நாளே கருமாதி செய்து தீட்டைக் கழித்துவிடலாம், ஆனால் மொட்டை போட்டுக் காரியம் செய்ய ஓர் ஆள் வேண்டும். தணிகாசலத்துக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மகன் புத்தகத்துக்குள் இருக்கிறான், அவனுக்கோ நாயைக் கண்டாலே பயம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது.

"அப்பா, ராகம் போட்டுப் பாடுனாரே ஒருத்தரு, அவரு தலையில மசுரு இருக்குல்ல?"

கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. பிணத்துக்குப் பதிலாக ஒரு பழைய குடையை மஞ்சள் பூசிப் படுக்க வைத்தார்கள். நாவிதரிடம் இருந்தது சண்டைக்கு முந்தின கத்தி. சோப்பும் இல்லை. தலையை முடித்துவிட்டு அவர் மீசைக்கு வந்தபோது நான் நிஜமாகவே அழுதேன். நான் எவ்வளவு பாசக்காரன் என்று கூட்டம் மெச்சியது. அரிசி இல்லாததால் கிழங்கை மசித்துப் பிண்டம் பிடித்தோம். அதுவரை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அப்புறம்தான் காக்கை வந்து பிண்டத்தை மோந்து பார்த்துவிட்டு மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. (கிழங்கு தின்று தின்று அதற்கும் அலுத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.)

"ஆத்மாவுக்கு ஏதோ கொறை இருக்கு," என்றார் பூசாரி.

உடனே ஆளாளுக்குக் காக்கையிடம் வாக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வருஷா வருஷம் திவசம் கொடுக்கிறோம் என்றார்கள். பிறக்கிற பிள்ளைக்குத் தணிகாசலம் என்று பெயர் வைக்கிறோம் என்றார்கள். காக்கை அசையவில்லை. வெயிலில் என் மொட்டை பொரிந்துகொண்டிருந்தது. கடைசியில் கங்காணி என்னை முன்னால் தள்ளினார். நான் இரண்டு கையையும் கூப்பி, "சாமி, புத்தகத்தைக் கடைசிவரைக்கும் வாசிச்சு, அந்த 'நீயா' யாருன்னு சபையில சொல்லிடறேன்," என்றேன். காக்கை இறங்கி வந்து ஒரு வாய் எடுத்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. தலைப்பாகைக்குத் துணி கிடைக்கவில்லை. போட்ட மாலை எங்கும் தடைபடாமல் நேராகக் கழுத்தில் போய் விழுந்த மாப்பிள்ளை அந்த வட்டாரத்திலேயே நான்தான். தாலி கட்டும்போது பாக்கியம் தலை குனிந்திருந்தாள். வெட்கம் என்று நினைத்துப் பூரித்தேன். சிரிப்பை அடக்கியதாக அன்று மாலையே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காக்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற உட்கார்ந்தேன். புத்தகத்தில் பாதி, அண்ணன் மகன் தலைவலி என்று படுத்திருந்தான். மீதியில் அவனுடைய சமையல்காரன் எல்லாக் குற்றங்களையும் கண்டுபிடித்தான். கடைசி அத்தியாயத்தில் அந்தச் சமையல்காரன் தாடியைப் பிய்த்து எறிகிறான். அவன்தான் தணிகாசலம்! சாகவே இல்லை, வேஷம்! நான் குரலை உச்சத்துக்கு ஏற்றி நிமிர்ந்து பார்த்தேன். ஒரு தேங்காய்கூட உடையவில்லை.

"அதெப்படி?" என்றார் பூசாரி. "கருமாதி பண்ணியாச்சு. காக்கா எடுத்துருச்சு. இனிமே வந்தா நாங்க ஏத்துக்க முடியாதுப்பா. இது வேற எவனோ."

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு," என்றேன்.

"புஸ்தகக்காரனுக்கு என்ன தெரியும்? காக்கா பொய் சொல்லுமா?"

கங்காணி கையை உயர்த்தினார். "அதெல்லாம் கெடக்கட்டும். அந்த 'நீயா' யாரு?"

அது கடைசிப் பக்கத்தில் இருந்தது. கிடங்குக் கதவுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி இருந்ததாம். தணிகாசலம் தம்மையே பார்த்துத்தான் அலறினாராம். இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு குடும்பங்களும் ஒரே குரலில் ஆசிரியரைத் திட்டின. கங்காணி மெதுவாக எழுந்து துண்டை உதறினார்.

"கண்ணாடியில தன் மூஞ்சிய அடையாளம் தெரியாதவன் நம்ம வகையறாவே இல்லை. பங்காளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை."

பங்காளி இல்லை என்றால் தீட்டும் இல்லை. தீட்டு இல்லை என்றால் என் மீசை? அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, மூன்று நாள் மாப்பிள்ளை.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. பெரட்டுக்களத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். கல்யாணமானவர்கள் கையைத் தூக்கினோம். மொழிபெயர்த்தவர் அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி கையை ஆட்டிவிட்டு, கல்யாணமானவன் ஆகாதவன் என்று பார்க்காமல் ஏற்றச் சொன்னான். எங்கள் கணக்கு அந்த நிமிஷமே பொய்யாகிவிட்டது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனுக்கு இரண்டு பிள்ளைகள். அவனையும் ஏற்றினார்கள்.

அதிகாரி என் முன்னால் வந்து நின்றான். என் தலையைப் பார்த்தான். தன் தொப்பியைக் கழற்றினான். அவனும் மொட்டை. தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டு, என் தலையை ஒருமுறை தடவி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவர்கள் நாடான நிப்பொன்மேல் உள்ள பக்தியால் நான் சிப்பாய் மாதிரி தலையை மழித்திருக்கிறேன் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான். மொழிபெயர்த்தவர் விளக்கம் கேட்டார். தணிகாசலத்தின் ஜலதோஷத்திலிருந்து நான் எப்படி ஆரம்பிப்பேன்? குனிந்து வணங்கினேன். என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, காலையில் பெரட்டில் தேகப்பயிற்சிக்கு எண்ணிக்கை சொல்லும் வேலை கொடுத்தான். குரல் நல்ல குரல் அல்லவா!

லாரியில் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. எனக்கு முன்னால் நின்றவனும் திரும்பவில்லை. இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. எதற்கும் லாயக்கில்லாத ஒரு புத்தகத்தை எழுதிய, முகம் தெரியாத அந்த ஆசிரியரை நான் எப்படித் திட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜப்பான்காரன் போகும்வரை நான் மொட்டையாகவே இருந்தேன். வாரம் ஒருமுறை பாக்கியமே கத்தியைத் தீட்டி மழித்துவிடுவாள். அவன் போன பிறகு ஆசையாக முடி வளர்த்தேன், மீசை வைத்தேன். எண்ணெய் தடவி, வகிடெடுத்து வாரிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். இடுப்பில் பிள்ளையோடு அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மொதப் பாகமே நல்லா இருந்துச்சு," என்றாள்.

அன்று சாயங்காலமே நாவிதரைக் கூப்பிட்டேன். அவளுக்கு அந்த வாசகம் ஒட்டிக்கொண்டது. புது வீடு, புது அடுப்பு, பேரப்பிள்ளைகளின் புதுச் சட்டை, எதைக் காட்டினாலும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்வாள், வீடே சிரிக்கும். எங்கள் இரண்டாவது மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வந்த அன்றும், அவரைத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி அதையே சொன்னாள். மூத்த மருமகன் அதை நினைத்து நினைத்து இன்றும் சிரிப்பார். இளையவர் சிரிப்பதில்லை.