டீசல் ஆருடையது?

கிரான்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மருமகன் திவாகரனுக்கு, மாமா கனகசூரியம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாமியும் நல்ல சுகம். மகள் மேனுகாவுக்கும் உங்களுக்கும் கொழும்பில் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது.

"டீசல் விலை இறங்கிட்டு மாமா, லொறி பில்லில எரிபொருள் மேலதிகக் கட்டணம் மட்டும் ஏன் இறங்கல்ல? விளக்கம் வராம உங்கட அரிசிய இனி கடைக்கு எடுக்க மாட்டன்" என்றீர்கள். பில் என் கையால் வருவதால் நான்தான் அதில் கைவைத்தேன் என்று சொல்லாமல் சொன்னது போலிருந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்தக் கட்டணம் என்னதான் என்று அறியும் ஆவல் கோபத்தை விழுங்கிவிட்டது.

எங்கள் வயல் வட்டையில் உழவு இயந்திரத்தைக் கூலிக்குக் கூப்பிட்டால் முதல் கேள்வி, "டீசல் ஆருட?" என்பதுதான். வயல்காரன் டீசல் தந்தால் கூலி குறையும். ஆகவே நானும் ஒரு கேன் டீசலோடு மட்டக்களப்புக்குப் போய், லொறிக் கந்தோர் மேசையில் அதை வைத்து, "மகள், டீசல் என்ட. பில்லில அந்தக் கட்டணத்த வெட்டி உடுங்க" என்றேன். பில் போடும் ரிப்கா என்ற பிள்ளை கேனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "ஐயா, முதல்ல அத வெளியில வெச்சிட்டு வாங்க" என்றது.

வைத்துவிட்டு வந்து, கொக்கட்டிச்சோலை ஆக்களின் நெல்லும் என் அரிசியும் ஒரே லொறியில் போனால் டீசல் இரண்டு தரமா எரிகிறது, லொறி வெறுமையாகத் திரும்பினால் அந்த டீசல் ஆர் தலையில் என்று நான் கேட்கக் கேட்க, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, நான் விடவில்லை, அந்தப் பிள்ளையும் சளைக்கவில்லை. அது லீட்டர் கணக்கில்லையாம், லொறிக் கூலியில் நூற்றுக்கு இத்தனை என்ற வீதமாம். "போன மாச டீசல் விலையப் பார்த்துத்தான் ஐயா இந்த மாச வீதம் போடுற. இறங்கினது அடுத்த பில்லிலதான் தெரியும்."

"அப்ப ஏறினா?"

"ஓம், அதுவும் ஒரு மாசம் பிந்தித்தான்."

போன மாதத்து டீசலையா இந்த மாதம் எரிக்கிறார்கள்? இது பகற்கொள்ளை, மருமகன்! இனி அந்த லொறியே வேண்டாம், வேறு பார்க்கிறேன். என்னில் பிழையில்லை என்பது விளங்கினால் போதும்.

மகளும் நீங்களும் நெல்லும் நீரும் போல நிறைந்து வாழ்க.

இப்படிக்கு,
மாமா கனகசூரியம்

பி.கு: இதை அரிசி மூட்டைக்குள் வைத்துத் தைக்கப் போக, பக்கத்து வயல்காரர் கோணாமலை வந்துவிட்டார். போன கிழமை அவருடைய வயலை என் இயந்திரத்தால் உழுதேன், டீசலும் என்னுடையது. "டீசல் இறங்கிட்டே மச்சான், உழவுக்கூலி ஏன் இறங்கல்ல?" என்றார். "அது போன மாசம் வாங்கின டீசல் மச்சான்" என்று வாயில் வந்துவிட்டது. மனுசன் இன்னும் வாசலில் நிற்கிறார். மூட்டை அதே லொறியில்தான் வருகிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 'பகற்கொள்ளை' என்று எழுதிய இடத்தில் 'நியாயமான வழக்கம்' என்று வாசிக்கவும்.