ஹமீட் கடையில் முப்பத்தேழு குடும்பங்கள்

மக்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதை மக்களிடமே கேட்பது காலாவதியான முறை என்று, 2008இல் மட்டக்களப்பில் இயங்கிய நடமாட்டக் கணிப்பு அலுவலகம் தீர்மானித்தது. மக்கள் பொய் சொல்வார்கள். தொலைபேசிக் கோபுரம் சொல்லாது. ஆகவே ஒருவரின் போன் எந்தக் கோபுரத்தடியில் கிடக்கிறதோ, அங்கேதான் அவர் குடியிருக்கிறார்.

இந்த விஞ்ஞானத்தின்படி இராசாத்தியின் நிவாரணம் வெட்டப்பட்டது. அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பி இன்னும் ஒரு போகம் வெட்டவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு நேர அரிசி. வவுணதீவுக்கும் அப்பாலிருந்து சைக்கிள் மிதித்து, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி, அலுவலகம் வந்து சேர்ந்தாள்.

அதிகாரி அருமைநாயகம் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க ஊரில இல்ல தங்கச்சி. நாலு மாசமா டவுனில, ஹமீட் கடையில இருக்கிறீங்க."

"அது என்ட போன், சேர். எங்கட ஊரில கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல. முப்பத்தேழு வீட்டுப் போனும் ஹமீட் காக்காட கடை ராக்கைத் தட்டிலதான், சார்ஜில, பேர் ஒட்டிக் கிடக்கு. வெள்ளிக்கிழமையில வந்து பேசிட்டுப் போவம்."

"முப்பத்தேழு குடும்பமும் அசையவே இல்லையே?"

"போனுக்குக் கால் இருக்கா, சேர்?"

"கரண்ட் நிண்டா எல்லாரும் ஒரேயடியா மறையிறீங்க. அத 'தலைமறைவு' எண்டு எழுதியிருக்கு. கவனம்."

இராசாத்தி பையைத் திறந்தாள். அடையாள அட்டையை நீட்டினாள். கிராம சேவகரின் கடிதத்தை நீட்டினாள். கடைசியில் தன்னையே காட்டினாள்.

"இஞ்ச நிக்கிறன், சேர். பாருங்க."

"நான் பாக்கிறது ஆதாரமாகாது."

"ஒம்பதடிக் கடையில முப்பத்தேழு குடும்பம் எப்பிடிப் படுக்கும்?"

"அதுக்குத்தான் 'கடும் நெரிசல்' எண்டு போட்டிருக்கு. நெரிசலில வாழுற ஆக்களுக்கு ரெண்டு மடங்கு அரிசி. விலாசத்த ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்து வைங்க."

இராசாத்தி பிள்ளைகளை நினைத்தாள், கையெழுத்து வைத்தாள். இரட்டிப்பு அரிசி என்றதும் மற்ற முப்பத்தாறு குடும்பங்களும் வரிசையில் நின்று, தாங்கள் ஊரில் இல்லை என்று மனமுவந்து உறுதிப்படுத்தின. ஊரே அலுவலகத்தைப் பார்த்துச் சிரித்தது.

அந்த அரிசி முடியுமுன், ஆளில்லாத ஊரென்று முப்பத்தேழு கையொப்பங்கள் சாட்சி சொல்ல, பாதுகாப்புத் தேவைக்காக வீடு, வயல்வட்டை எல்லாவற்றையும் சுற்றி முட்கம்பி வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கட்டாரில் வேலை செய்யும் புருசன் போனில் அழைத்தான்.

"எங்க நிக்கிறாய்?"

பாயையும் பானையையும் பிள்ளைகளையும் ஒதுக்கிக்கொண்டு இராசாத்தி சொன்னாள்:

"ஹமீட் காக்காட கடையில. எல்லாரும் இஞ்சதான்."