கீழே பார்த்தால் உருண்டை

எடுத்த படத்தை முடித்துக் கொடுக்காமலே இலங்கையின் ஊவா மாகாணம் முழுக்கப் பேர் வாங்கிய படப்பிடிப்பாளர் ஒருவர்தான். அவர் பேர் உருண்டை.

ஆள் உருண்டை அல்ல, சவுக்கு மரம் மாதிரி நெடுநெடுவென்று ஒல்லி. நின்ற இடத்திலிருந்து நாலு பக்கமும் வானமும் தரையும் தெரிய எடுத்து, ஃபோனில் விரலால் சுழற்றிப் பார்க்கும் உருண்டைப் படமாக்குவது அவர் தொழில். பேர் அதனால் வந்தது. சொந்தப் பேரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ இருந்தது. கல்யாண வேலையெல்லாம் ஃபோன் வைத்திருக்கும் மச்சான்மார் கைக்குப் போய்விட்ட காலம். உருண்டை எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் ஒட்டுவேன். ஸ்டாண்டில் கமராவை வைத்து ஆறு பக்கம் திருப்பி ஆறு படம், வானத்துக்கு ஒன்று, பிறகு ஸ்டாண்டைத் தூக்கிவிட்டுத் தரைக்கு ஒன்று. ஒட்டும் முறையை நான் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். முதலில் வெளிச்சத்தைச் சமப்படுத்த வேண்டும், பிறகு ஒட்டு, பிறகு மட்டம். தரைப் படத்தில் எடுப்பவரின் கால் எப்படியும் விழும். வாடிக்கையாளர் சரி என்றதும் அந்தக் காலை அழித்துப் புல் வளர்ப்பது கடைசி வேலை.

இந்த முறையை உருண்டை ஒவ்வொரு படத்துக்கும் திருத்துவார். திருத்தி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார்.

"அண்ணே, மூணாவது படத்துல பனி ஏறிடுச்சு."

"பனி போனதும் திரும்ப எடுக்க வேண்டியதுதானே?"

"எடுத்தேனே. அதுக்குள்ள முதல் படத்துப் பக்கம் ஏறிடுச்சு."

இப்படி எடுத்த ஒரு கோயில் படத்தில் கோபுரம் பாதி வெயிலிலும் பாதி மார்கழியிலும் நின்றது. 'பனியோடு போட்டி போடக் கூடாது' என்று சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு வரி கூடியது. ஒரு விடுதியை எடுத்தபோது, மலையில் மட்டம் பார்த்தால் விடுதி சாய்ந்தது. விடுதியை நிமிர்த்தினால் மலை சாய்ந்தது. 'எது நேர் என்று முதலில் முடிவு செய்க' என்று இன்னொரு வரி. வரிகள் கூடின. வருமானம் கூடவில்லை.

அப்போதுதான் மடுல்சீமையில் ஒரு பழைய பங்களாவை விடுதியாக்கிய சிங்கள முதலாளி ஒருவர் வந்தார். மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம். கொழுந்து பறிக்கும் பெண்களோடு தேயிலை மலையை உருண்டைப் படமாகக் கேட்டார். அது நன்றாக வந்தால் அவருடைய மற்ற விடுதிகளும் எங்களுக்கு. வராவிட்டால் ஸ்டூடியோவைப் பூட்டுவதுதான். இதை உருண்டையிடம் தெளிவாகச் சொன்னேன்.

"விளங்குதுங்க அண்ணே," என்று ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

வந்த படங்களை முறைப்படி ஒட்டித் திரையில் சுழற்றினேன். மஞ்சள் துண்டு கட்டிய ஓர் அம்மா முன்னால் நிற்க, அவரோடு சேர்த்து எட்டுப் பெண்கள் வரிசையாக என்னைப் பார்த்தார்கள். சுழற்றினேன். மஞ்சள் துண்டு அம்மா பார்த்தார். இன்னும் சுழற்றினேன். மறுபடி அவரேதான். ஆறு பக்கமும் அதே எட்டுப் பேர். எடுத்தது எட்டுப் பேரை. திரையில் நின்றது நாற்பத்தெட்டுப் பெண்கள்.

"என்ன இது?"

"பேச்சியக்கா," என்றார் உருண்டை.

"ஆள் யாருன்னு கேக்கல. ஏன் இத்தனை தடவை?"

கமராவைப் பாறைத் திட்டில் வைத்து, "நீங்க பாட்டுக்குக் கொழுந்து எடுங்க" என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மோசமான ரோட்டில் ஏறி வந்த மனிதருக்கு முதுகைக் காட்டுவது மரியாதை இல்லையாம். துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றிருக்கிறார்கள். கமரா திரும்பியதும் அவர்களும் சுற்றி வந்து அதன் முன்னால் நின்றிருக்கிறார்கள். கங்காணி கீழேயிருந்து சத்தம் போட்டிருக்கிறார்.

"ஏய், என்ன அங்க, கோயிலா சுத்துறீங்க?"

"படம் புடிக்க வந்தவருக்கு முதுகைக் காட்டச் சொல்றீங்களா கங்காணி? நீங்களும் வாங்க, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டு," என்றாராம் பேச்சியக்கா.

கடைசிப் படத்தில் கங்காணியும் கைகட்டி ஓரமாக நின்றார்.

"ஒரு ஆளுக்கு ஒரு இடத்தை வச்சிட்டு மிச்சத்தை அழிப்போம்," என்றேன்.

"யாரைக் கேட்டு அழிப்பீங்க?"

"யாரைக் கேக்கணும்?"

"அவங்களைத்தான். ஆறுல எது தன்னோட முகம்னு அவங்கதானே சொல்லணும்."

மறுநாள் ஃபோனில் படத்தை ஏற்றிக்கொண்டு மறுபடி மடுல்சீமைக்குப் போனார். லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டுவிட்டுத் திரும்பினார். எட்டுப் பேரும் கடைசிப் பக்கத்தைத்தான் கேட்டார்களாம். கங்காணி பொத்தான் போட்டதைப் பார்த்து எல்லோரும் சிரித்தது அதில்தான். கங்காணியும் அதையே கேட்டார். அவருக்கு வேறு வழியில்லை.

மற்ற ஐந்து பக்கத்திலும் ஆட்களை அழித்து, அந்த இடத்தில் செடி செடியாகத் தேயிலை நட்டேன். எந்தத் துரையும் அவ்வளவு நட்டிருக்க மாட்டார். 'ஆளை அழிக்குமுன் ஆளைக் கேட்க வேண்டும்' என்று சுவரில் ஒரு வரி ஏறியது.

மாத்தயா வந்து சுழற்றினார். வெறும் தேயிலை. மறுபடி தேயிலை. பிறகு திடீரென்று ஒன்பது பேர் மொத்தமாக நின்று சிரித்தார்கள்.

"கொழுந்து எடுக்குற ஆள் எங்க?"

"இவங்கதான் சேர்," என்றேன்.

"இவங்க கலியாண வீட்டுல நிக்கிறாங்க. எல்லாத்தையும் அழிங்க."

நான் சரி என்று வாயெடுப்பதற்குள் உருண்டை செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஒரு நிமிசம் சேர். போய்க் கேட்டுட்டு வந்துர்றேன்."

மாத்தயா காத்திருக்கவில்லை. வேலை கொழும்பில் யாருக்கோ போனது. ஸ்டூடியோவைப் பூட்டினேன். உருண்டை கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போனார். நான் இப்போது ஒரு கடையில் போட்டோகொப்பி எடுக்கிறேன். வைத்த தாள் அப்படியே வருகிறது, யாரும் எதையும் திருத்துவதில்லை. நாள் போக மாட்டேன் என்கிறது.

கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. சில ஞாயிறுகளில் மடுல்சீமைப் படத்தைத் திறந்து கீழ்நோக்கித் திருப்புவேன். வாடிக்கையாளர் சரி சொல்லாததால் கடைசி வேலை நடக்கவில்லை. பாறைமேல் இரண்டு மெலிந்த கால்கள். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை சவர்க்கார நுரை பூசியிருக்கிறது. இடது செருப்பின் அறுந்த வாரைப் பிடித்து ஒரு ஊசி.

முறைப்படி இந்தக் கால்களை அழித்துப் படத்தை முடிக்க வேண்டும். ஆனால் ஆளை அழிக்குமுன் ஆளைக் கேட்க வேண்டும். ஃபோனில் கேட்கலாம். கேட்டால் மனிதர் உடனே அழிக்கச் சொல்லிவிடுவார். அதனால் நான் கேட்பதில்லை.