பாக்கியநாதன் வீட்டு ஆர்கன்

இறால் தொக்கு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இறாலைப் பற்றிப் பாக்கியநாதனுக்குக் கவலை இல்லை, அது கேஸ் அடுப்பு. கவலையெல்லாம் புளூடூத் ஸ்பீக்கரைப் பற்றித்தான். அது ஒருமுறை முனகிவிட்டு அணைந்துபோனது.

"நேத்தே சார்ஜ்ல போடச் சொன்னேனே, ஏஞ்சல்?"

"போட்டேன்பா. சுவிட்ச தட்ட மறந்துட்டேன்."

காலேஜில் படிக்கும் பெண் பேசுகிற பேச்சா இது? பாக்கியநாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

"வள்ளூர்ல அவ்ளோ பெரிய புகைபோக்கி வச்சி கரண்ட் எடுக்குறான். நம்ம தெருவுக்குக் குடுக்க ஒரு கைப்பிடி இல்லியா?"

"இன்னா கத்துனாலும் வராது. நீ போய் சட்டய மாத்து" என்றாள் அவர் மனைவி ஆரோக்கியமேரி, கரண்டியை விடாமல்.

அவர் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் கதவுக்கு ரப்பர் செய்யும் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றில் அவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஏஞ்சல் பால்வாடிக்குப் போனபோதும் காண்ட்ராக்ட், பட்டம் வாங்கப்போகும் இப்போதும் காண்ட்ராக்ட். இந்த வருஷம் ஒரே ஓர் இடம் பர்மனென்ட் ஆகப்போகிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யப்போகிறவர் ஜெரார் துரை. அந்தத் துரைதான் பழவேற்காட்டு இறாலுக்கு ஆசைப்பட்டு இன்று மதியம் சாப்பிட வருகிறார்.

சாப்பாடு மட்டும் போதுமா? பாக்கியநாதன் ஆபீசில் எச்.ஆர். மேடம் தேவதர்ஷினியிடம் விசாரித்திருந்தார்.

"சாருக்கு ஜாஸ் மியூசிக்னா உசுரு. அதுலயும் அவங்க ஊர்க்காரங்க ஆர்கன்லயும் பியானோலயும் வாசிச்ச பழைய ரெக்கார்டிங் கேட்டா சோத்தையே மறந்துடுவாரு" என்று மேடம் சொல்லிவிட்டார்.

ஏஞ்சல் தேடித் தேடி எடுத்து அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். பாரிஸில் ஏதோ ஒரு கிளப்பில் அறுபது வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்தது. நடுவில் கிளாஸ் உரசுவதும் யாரோ இருமுவதும்கூடக் கேட்கும். அவளுக்கே அது பிடித்துப்போனது. "நம்ம சர்ச்ல இருக்கற மாதிரி இல்லப்பா. இது கரண்ட் ஆர்கன். காலாலயே பேஸ் வாசிக்குறாங்க பாரு" என்று விளக்கினாள். பாக்கியநாதனுக்கு அது யாரோ அழுவதுபோல இருந்தது. துரைக்குப் பிடித்தால் சரி என்று விட்டுவிட்டார்.

இப்போது ஸ்பீக்கர் இல்லை. பாக்கியநாதன் ஓடிப்போய் சவுண்ட் சர்வீஸ் அந்தோணியை அழைத்துவந்தார். அந்தோணி ஜெனரேட்டரோடு வந்து, வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டினான்.

"ஊட்டுக்குள்ள கேட்டா போதும்டா."

"இத்தவிட கம்மியா என்னாண்ட சத்தம் கெடையாதுண்ணே."

பாட்டு ஆரம்பித்தது. மெதுவான பாட்டு. ஆர்கன் நடுங்கி நடுங்கி வேப்பமரத்திலிருந்து இறங்கித் தெருக்கோடி வரை போனது.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு அங்காளம்மாள். வரும்போதே கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"மேரி, என் கண்ணு, எப்போடி ஆச்சு?"

"இன்னாக்கா ஆச்சு?"

"யாருடி போனது?"

"யாரும் போவல. விருந்தாளி வராங்க."

அங்காளம்மாள் நம்பவில்லை. துரைக்கு வெயில் படக்கூடாதென்று வாசலில் போட்ட பந்தலைப் பார்த்தாள். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"பந்தல் போட்டுக்கிறீங்க, சேர் போட்டுக்கிறீங்க, வேதக்காரங்க ஊட்ல ஆர்கன் அழுவுது. கேட்டா யாரும் போவலன்றியே?"

அதற்குள் தெருவே திரண்டுவிட்டது. சிலர் மாலையோடு வந்தார்கள். "சத்தியமா எங்க ஊட்ல யாரும் சாவலைங்க" என்று பாக்கியநாதன் ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர்கள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். துக்கத்தில் மூளை பிசகிவிட்டது, பாவம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, துரைக்குப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"ஏஞ்சல், இந்தப் பாட்ட மாத்து. வேகமா எதுனா போடு."

ஏஞ்சல் வேகமான ஆர்கன் பாட்டைப் போட்டாள். அதில் டிரம்ஸ் பின்னி எடுத்தது. உடனே தெருமுனைப் பையன்கள் நான்கு பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள்.

"கல்யாணச் சாவுதான் போல. நல்லா வாழ்ந்த கட்டையா இருக்கும்" என்று யாரோ திருப்தியாகச் சொன்னார்கள்.

பாக்கியநாதன் மகளிடம் ஓடினார். "ஆர்கனே வாணாம். பியானோவப் போடு" என்று கத்தினார்.

பியானோ நன்றாகத்தான் இருந்தது. டிங் டிங்கென்று தெளிவாக, யார் மனதையும் நோகடிக்காமல் போனது. பையன்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அப்பாடா என்று பாக்கியநாதன் மூச்சு விடுவதற்குள், அடுத்த தெருப் பெண்கள் பச்சை வாளியும் நீல வாளியுமாக ஓடிவந்து வரிசையில் நின்றார்கள்.

"குப்பை வண்டி எங்கப்பா நிக்குது? பாட்டு மட்டும் கேக்குது?"

கல்லை முழுங்கினாலும் ஜீரணித்துவிடலாம், இதை எப்படி ஜீரணிப்பது? ஒருபக்கம் மாலை, ஒருபக்கம் மீன் செதில் நாறும் வாளி. எந்த நிமிஷமும் துரையின் கார் வந்துவிடும். இதற்கு நடுவில் அவர் போன் அடித்தது. பாட்டு அந்தப் போனிலிருந்து வயர் வழியாகப் போய்க்கொண்டிருந்ததால், மணியடிப்பது இரண்டு குழாயிலும் சேர்ந்து அலறியது. வாளிக்காரிகளில் ஒருத்தி பயந்து வாளியைப் பந்தலுக்குள்ளேயே கவிழ்த்துவிட்டாள்.

"ஏரோபிளேன் மோடுல போட்டுடுபா. கால் வராது, பாட்டு ஓடும்" என்றாள் ஏஞ்சல்.

போட்டார். மீன் செதிலைக் கையாலேயே அள்ளினார். அப்போது அவரோடு அதே கம்பெனியில் வேலை பார்க்கும் கணேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"பாக்கி, மனச உட்றாத. கம்பெனி குரூப்ல நான் போட்டுட்டேன்."

"இன்னாத்தப் போட்ட?"

"'பாக்கியநாதன் வீட்டில் இறப்பு'ன்னு. கும்புட்ற கை ஸ்டிக்கரும் போட்டேன்."

"அடப்பாவி, அதுல தொரை இருக்காருடா. மொதல்ல அழி."

கணேசன் அழித்தான். போனை நீட்டிக் காட்டினான். "போயிடுச்சு பாரு."

ஏஞ்சல் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். "மாமா, நீங்க உங்க போன்ல மட்டும் அழிச்சிருக்கீங்க. மத்த எல்லாருக்கும் அது அப்படியே இருக்கும்."

பாக்கியநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் ரப்பர் புகையைக் குடித்து வளர்த்த ஆசை, ஒரு பாழாய்ப்போன பாட்டுப்பெட்டியால் போய்விடும் போலிருந்தது. "எல்லாரும் எழுந்து போங்க" என்று அவர் கத்திய கத்தலில் கூட்டம் கலைந்தது. கணேசனை அவரே தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டார். கடைசியாக அங்காளம்மாள், "அழுவறதுன்னா கூப்டு, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாக்கியநாதன் வீட்டுக்குப் பின்னால் ஓடி, அந்தோணியோடு மல்லுக்கட்டி ஜெனரேட்டர் வயரைப் பிடுங்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக் கார் தெருமுனையில் வந்து நின்றது. ஆரோக்கியமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

காரிலிருந்து துரை இறங்கவில்லை. டிரைவர் திருமலை மட்டும் ஆளுயர ரோஜா மாலையோடு இறங்கினான். அவளைப் பார்த்ததும் அவன் உதடு துடித்தது.

"தொரை எங்கப்பா?"

"அவரு வரலக்கா. வர்ற வழியில குரூப்ல பாத்ததும் அண்ணனுக்கு அடிச்சோம். சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. அப்பவே எங்களுக்குப் புரிஞ்சிபோச்சு. உங்க மூஞ்சிய எப்டி பாக்கறதுன்னு தொரை வழியிலயே எறங்கி அழுதுகினே குந்திகினாரு."

ஆரோக்கியமேரி வாயைத் திறந்தாள். திருமலை விடவில்லை.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்கக்கா. அண்ணனுக்கு வெச்சிருந்த பர்மனென்ட் வேலைய வாரிசு வேலையா உங்க பேருக்கே போடச் சொல்லிட்டாரு. காரியம் எல்லாம் முடிச்சிட்டு வந்து சேந்தா போதுமாம். ஒரு நிமிசம் அண்ணன் மூஞ்சியப் பாத்து மாலையப் போட்டுட்டுப் போய்டறேன்."

பின்கட்டில் ஜெனரேட்டர் ஓய்ந்தது. ஆரோக்கியமேரி திருமலையைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். "இங்கியே நில்லுப்பா, வரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பாக்கியநாதன் கை நிறைய வயரோடு, வேர்த்து விறுவிறுத்து எதிரே வந்தார்.

"இன்னாடி, தொரை வந்துட்டாரா?"

ஆரோக்கியமேரி அவர் கையிலிருந்த வயரை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சத்தம் போடாம உள்ள போயி நீட்டிப் படு. மாலை போட்றப்ப கண்ண மட்டும் தொறந்துடாத."