மனைவிக்குப் பிடித்த நிறம்

மணி பதினொன்று பத்து. இன்னும் ஐம்பது நிமிஷத்தில் பதினான்கு வருஷ உழைப்பு காற்றோடு போகப்போகிறது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. ஊராருக்கெல்லாம் பார்வை பார்த்துச் சொல்கிறவர், தன் இணையதளத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி ஒரு மாதமாக அனுப்பிக்கொண்டிருந்த எச்சரிக்கைக் கடிதங்களை மட்டும் பார்க்கவே இல்லை. இன்று மதியம் பன்னிரண்டுக்குள் உள்ளே நுழைந்து 'தொடர்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தாத இணையதளங்களையெல்லாம் அழித்துவிடுவார்களாம். நகல் எடுத்து வைத்திருந்த லேப்டாப் போன வாரம்தான் மண்டையைப் போட்டது. பாஸ்வேர்டும் அதோடு போய்ச் சேர்ந்தது.

அவருடைய தளம் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கானது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் டிவியோடு இணைத்து, கேசட் போட்டு ஓட்டிய பெட்டி. அறுபத்துநாலு கே நினைவகம். அவருக்கு அதுகூடக் கிடையாது என்பது மனைவியின் கட்சி. தளத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். ஒருவருக்கு எழுத்துப் பொத்தான் ஒட்டிக்கொள்ளும், இன்னொருவருக்குக் கேசட் பாதியில் திணறும், உடனே இங்கே வந்து புலம்புவார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே அந்தப் பெட்டிக்கு ஒரு விளையாட்டை எழுதி, தினம் ஒரு பக்கம் ஏற்றிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரும் இருந்தார். அவர் எழுதியது வேறெங்கும் கிடையாது.

'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தினார். திரை கேட்டது: உங்கள் மனைவிக்குப் பிடித்த நிறம் எது? மூன்று வாய்ப்புகள்.

இப்படி ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்த மடையன் எவன் என்று பல்லைக் கடித்தார். பதினான்கு வருஷத்துக்கு முந்தைய அவரேதான்.

விஷயத்தைச் சொன்னால் மானம் போகும். நைசாகக் கறந்துவிடலாம் என்று தையல் அறைக்குப் போனார். மனைவி யாருடைய கோட்டுக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு ரொம்பப் பிடிச்ச கலர் எது?"

ஊசி நின்றது. "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கு என்ன திடீர்னு?"

"ஏன், ஆசையா ஒண்ணு கேக்கக் கூடாதா?"

"மஞ்சள்."

ஓடினார். அடித்தார். தவறு என்றது திரை. திரும்பி வந்தார்.

"நிஜமாவே மஞ்சள்தானா?"

"மஞ்சளுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்ல. மனசாரச் சொல்லு."

"மனசாரன்னா பச்சை."

பச்சையும் தவறு. மணி பதினொன்று நாற்பத்தெட்டு. மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஓடி வந்து, கடிதம், லேப்டாப், டிரைவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"இப்பவாவது உண்மையைச் சொல்லும்மா."

"எனக்குப் பிடிச்சதைச் சொன்னா அது திறக்குமா? பதில் எழுதினது நீங்க. என்னைப் பத்தி அன்னிக்கு உங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும், அதையில்ல யோசிக்கணும்."

அலமாரியைத் திறந்தாள். சாம்பல் நிறக் கைப்பை. சாம்பல் நிறக் குடை. சாம்பல் நிறச் சால்வை, அதில் மட்டும் இரண்டு. அத்தனையும் அவர் ஆசை ஆசையாக வாங்கித் தந்த பிறந்தநாள் பரிசுகள்.

"உங்க பெட்டி என்ன கலர்?"

"சாம்பல்," என்றார்.

"உங்களுக்குப் பிடிச்சா எனக்கும் பிடிக்கணுமே."

பதினொன்று ஐம்பத்தேழு. அவளே நாற்காலியில் உட்கார்ந்து 'சாம்பல்' என்று அடித்தாள். திறந்தது. 'தொடர்கிறேன்' என்பதையும் அழுத்தினாள். டிரைவரின் இன்றைய பக்கம் அப்போதுதான் ஏறியிருந்தது. கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து, திரை புதுப் பாஸ்வேர்டும், அது மறந்தால் கேட்க ஒரு கேள்வியும் பதிலும் கேட்டது.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் மறுபேச்சு இல்லாமல் திரும்பி நின்றார். சுவரைப் பார்த்து நின்றபோதுதான் உறைத்தது.

"அப்போ மஞ்சள், பச்சைன்னு எதுக்கு என்னை அலைய விட்ட?"

"நீங்க பொத்தானை அமுக்கினப்பவே என் போனுக்கு மெசேஜ் வந்துடுச்சு. யாரோ உள்ள நுழையப் பார்க்கிறாங்கன்னு. ஆரம்பிச்சப்போ என் நம்பரைத்தானே குடுத்தீங்க? நீங்களா வந்து உண்மையைச் சொல்றதுக்கு எத்தனை தப்பு ஆகும்னு பார்த்தேன். ரெண்டு ஆச்சு."

"சரி, போகட்டும். புதுப் பாஸ்வேர்டு என்ன?"

"அதை எதுக்கு நான் சொல்லணும்? மறந்துட்டேன்னு அமுக்குங்க. கேள்வி வரும். பதில் சொல்லிட்டு உள்ள போங்க."

பதறிப்போய் அழுத்திப் பார்த்தார். உங்கள் மனைவிக்குப் பிடித்த நிறம் எது?

"அதே கேள்விதானே இருக்கு?"

"கேள்வி அதேதான்," என்று ஊசியில் நூல் கோத்தாள் அவள். "இந்தத் தடவை சரியான பதிலைப் போட்டிருக்கேன்."